எச்டிபி ஹால்ல ஒரு நீல டிரம் குதிரை, அது மேல பூஞ்சை புடிச்ச பழைய சேணம்

சிங்கப்பூர்ல எச்டிபின்னு சொல்ற அரசாங்க அடுக்குமாடி வீட்டுல பூனை வளக்கவே 2024 செப்டம்பர்லதான் அனுமதி குடுத்தாங்க, அதனால குதிரைய பத்தி பேச்சே இல்ல. ஆனா என் மகளுக்கு குதிரை ஓட்டுறதுதான் உயிர். வாரத்துக்கு ஒரு கிளாஸ் போறா, குதிரை மேல உக்காந்திருக்கிறது முக்கால் மணி நேரம், அதுக்கு ஆகுற காசுல ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு மார்க்கெட் பண்ணிரலாம். மிச்ச ஆறு நாளும் உடம்பு எல்லாத்தையும் மறந்துரும், அடுத்த கிளாஸ்ல முதல் பத்து பதினஞ்சு நிமிஷம் பழசை ஞாபகப்படுத்தவே போயிரும். அதுக்குதான் வீட்டுலயே உக்காந்து பழக ஒரு பொய்க் குதிரை பண்ணலாம்னு இறங்கினேன், சேணத்தை சரி பண்ணதையும் குதிரைய கட்டுனதையும் சேத்தே எழுதுறேன்.

சேணம் மாமா குடுத்தது. அவரு கிராஞ்சி பந்தய லாயத்துல ரொம்ப வருஷம் குதிரை பாத்துக்கிட்டவரு. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசி பந்தயம் ஓடி முடிஞ்சதும் லாயங்கள்ல இருந்த சாமான் எல்லாம் ஆளுக்கு ஒரு பக்கமா போச்சு, அப்ப இவரு கைக்கு வந்தது இது. ஃபேரர் பார்க்ல 1843ல ஆரம்பிச்சு, 1933ல புக்கிட் தீமா போயி, அப்புறம் கிராஞ்சி வந்த விளையாட்டு அது. தேக்கா பக்கம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுல மீன்தலைக் கறி சாப்பிட போற பாதி பேருக்கு அங்க நெசமாவே குதிரை ஓடுச்சுன்னு தெரியாது. பந்தயக் குதிரைக்கு போடற சேணம் ஒரு கிலோ கூட இருக்காது, பெரியவங்க உள்ளங்கைய ரெண்டையும் சேத்து விரிச்சா அடங்கிரும் போல இருக்கும், அதுல உக்காந்து பழக முடியாது. இது அது இல்ல, பந்தயக் குதிரைய கூட்டிட்டு போற துணைக் குதிரைக்கு போட்டிருந்த சாதாரண சேணம், அதான் நமக்கு வேணும். சீட் பதினாறரை இஞ்ச். முன்பக்க மேட்டுக்கு பக்கத்துல ஒரு ஆணித்தலை மாதிரி இருக்கும் பாருங்க, அதுலேர்ந்து பின்மேட்டு நடு வரைக்கும் டேப் வச்சு அளக்கணும், அதுதான் சீட் சைஸ். மகளுக்கு பன்னெண்டு வயசு, கொஞ்சம் பெருசுதான், ஆனா வளர்ற பிள்ளை.

மாமா குடுக்கும்போதே சொல்லிட்டாரு, "மாப்ள, பளபளப்ப பாக்காத, வாரைப் பாருடா. தோலு அசிங்கமா இருந்தா குதிரைக்கு கவலை இல்ல, வாரு அறுந்தா பிள்ளைதான் கீழ கிடக்கும்." நானும் ஷிப்யார்ட்ல கனமான சாமான் தூக்குற லிஃப்டிங் வேலை பாக்குற ஆளு, எங்க வேலையிலயும் அதே கணக்குதான், பெயின்ட் போன ஷேக்கிள, அதாவது மாட்டுற இரும்பு வளையத்த, தூக்கிப் போட மாட்டோம், ஆனா தையல் விட்ட பெல்ட் ஸ்லிங்க, சாமான் தூக்குற துணிப் பட்டைய, கத்தியால அறுத்து குப்பையில போடுவோம், யாரும் எடுத்து மறுபடி மாட்டிரக் கூடாதுன்னு. அதனால சோப்பு, எண்ணெய் எதையும் தொடாம முதல்ல எலும்ப பாத்தேன்.

சேணத்துக்குள்ள ஒரு கூடு இருக்கு, ட்ரீன்னு சொல்வாங்க, மரப்பலகைய அடுக்கடுக்கா ஒட்டி இரும்புப் பட்டை வச்சு பண்ணது. அது உடைஞ்சிருந்தா மேல எவ்ளோ அழகா இருந்தாலும் அது சேணம் இல்ல, அலங்காரப் பொருள். பாக்குறது எப்படின்னா, முன்மேட்ட வயித்துல அணைச்சு வச்சு பின்மேட்ட ரெண்டு கையால நம்ம பக்கம் இழுக்கணும். லேசா ஸ்பிரிங் மாதிரி குடுத்து திரும்பிட்டா சரி, கிரீச்னு சத்தம் வந்தாலோ சீட் நடுவுல தோலு மடிஞ்சு சுருங்கினாலோ போச்சு. அப்புறம் முன்பக்க வளைவோட ரெண்டு காலையும் புடிச்சு சேத்து அமுக்கி, விரிச்சு பாக்கணும், அங்க கொஞ்சம் கூட ஆட்டம் இருக்கக் கூடாது. இதுல ஆட்டமும் இல்ல சத்தமும் இல்ல. சேணத்தை கவுத்துப் போட்டு நடுவுல இருக்கிற கால்வாய பின்னாடியிருந்து ஒத்தைக் கண்ணால பாத்தேன், ரெண்டு மெத்தையும் சமமாதான் இருந்துச்சு, உள்ள இருக்கிற கம்பளி மட்டும் அங்கங்க கட்டி கட்டியா இறுகி இருந்துச்சு. கம்பளிய நான் தொடல. அது ஒவ்வொரு குதிரை முதுகுக்கும் ஏத்த மாதிரி அடைக்கிறது, டிரம்முக்கு அடைச்சு என்ன பிரயோஜனம்.

கால் வைக்கிற அங்கவடி தொங்குற இரும்புக் கொக்கியில மேலோட்டமா துரு. மெல்லிய ஸ்டீல் வூல் போட்டு தேச்சு, எண்ணெய் துணியால துடைச்சதும் சரியாயிருச்சு. அந்த கொக்கி நுனியில ஒரு சின்ன நாக்கு இருக்கும், மேல மடக்கி மூடலாம். ஓட்டும்போது அத மூடாம நேரா திறந்தே விடணும், பிள்ளை விழுந்து கால் அங்கவடியில மாட்டிக்கிச்சுன்னா வாரோட கழண்டு வரணும், இல்லன்னா குதிரை இழுத்துட்டு ஓடும். நாக்கு துருப்புடிச்சு இறுகி இருந்தா அதுவே பெரிய ஆபத்து. இதுல லூசாதான் இருந்துச்சு.

இப்ப வார். வயித்துப் பட்டைய கோக்குற வார் ஒரு பக்கத்துக்கு மூணு, ஆக ஆறு. ஒவ்வொண்ணையும் ஓட்டை இருக்கிற இடத்துல வெளிப்பக்கமா மடிச்சு பாத்தேன், முடி மாதிரி வெடிப்பு, ரெண்டு வார்ல ஓட்டை வட்டமா இல்லாம முட்டை ஷேப்புல இழுபட்டு இருந்துச்சு. இதுல ஒரு விஷயம் மகளோட கோச் சொன்னது. முதல் வார் தனி நாடாவுல தச்சிருக்கும், ரெண்டாவதும் மூணாவதும் சேந்து இன்னொரு நாடாவுல. அதனால பட்டைய மாட்டும்போது ஒண்ணும் ரெண்டும், இல்ல ஒண்ணும் மூணும் போடணும், ரெண்டையும் மூணையும் மட்டும் போட்டா ஒரே நாடாவுல மொத்த உசுரும் தொங்கும், அது அறுந்தா அவ்ளோதான். இத கேட்டப்ப எனக்கு ரொம்ப திருப்தி, எங்க வேலையில ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கணும்னு ட்ரெயினிங்ல மண்டையில அடிச்சு சொல்லித் தருவாங்க, அதையே தோல்காரங்க எப்பவோ யோசிச்சு வச்சிருக்காங்க.

வார நான் தைக்கல. தைக்கத் தெரியும், ஊசியும் இருக்கு, இருந்தாலும் தைக்கல. டிரம்முக்குதானே போடப் போறோம்னு நீங்க கேக்கலாம், ஆனா வீட்டுல ஒரு சேணம் இருந்தா என்னைக்காவது ஒருநாள் அது லாயத்துக்கு போகாம இருக்காது, அன்னைக்கு இந்த வார் அப்பா டிவி பாத்துக்கிட்டே தச்சதுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. சேணம் தைக்கிறதையே தொழிலா பண்றவர் ஒருத்தர்கிட்ட குடுத்து ஆறையும் புதுசா மாத்தி, நாடாவையும் செக் பண்ணி வாங்கினேன். மொத்த செலவுல பாதிக்கு மேல அதுலதான் போச்சு, அதுல எனக்கு வருத்தமே இல்ல. அங்கவடி வாரும் புதுசுதான் வாங்கினேன்.

அதுக்கப்புறம்தான் பூஞ்சை. பச்சையும் வெள்ளையுமா, ஃபிளாப்புக்கு, அதாவது ரெண்டு பக்கமும் தொங்குற தோல் மடலுக்கு, அடியில முழுக்க. இத வீட்டுக்குள்ள வச்சு தட்டாதீங்க, தூள் பறந்து சோபா, ஏர்கான்னு எல்லா இடத்துலயும் உக்காந்துக்கும். நான் சர்வீஸ் யார்டுல ஜன்னல தொறந்து வச்சு, மாஸ்க் போட்டுக்கிட்டு, காஞ்ச பிரஷ்ஷால மெதுவா வெளிப்பக்கமா தள்ளினேன். பிறகு வெள்ளை வினிகரும் தண்ணியும் சமமா கலந்து துணிய நனைச்சு நல்லா பிழிஞ்சுட்டு துடைச்சேன், துணி ஈரமா இருக்கணும், சொட்டக் கூடாது. தையல் சந்துகளுக்கு பழைய டூத்பிரஷ். வீடு முழுக்க ஊறுகாய் வாசம், மனைவி கதவ சாத்திக்கிட்டா.

காய வைக்கிறதுல நம்ம ஆளுங்க எல்லாரும் சொல்ற யோசனை ஒண்ணுதான், வெயில்ல போடு. போடாதீங்க. நம்ம மதிய வெயில்ல தோல வச்சா உள்ள இருக்கிற எண்ணெய் எல்லாம் வத்தி சுள்ளுன்னு விறைச்சுக்கும், அப்புறம் மடிச்ச இடத்துல எல்லாம் வெடிக்கும். நிழல்ல, ஃபேனுக்கு அடியில, ராத்திரி முழுக்க. காரிடார்ல வச்சா காத்து நல்லா வரும்தான், ஆனா அங்க 1.2 மீட்டர் வழி விடணும், அது போக பக்கத்து வீட்டு மக்சிக்கோட, அதான் மலாய்க்கார அம்மாவோட, பூனைக்கு தோல் வாசம் ரொம்ப புடிச்சுப் போச்சு, அத வெளிய வச்சிருந்தா நகத்தால கோலம் போட்டிருக்கும்.

காஞ்சதும் கிளிசரின் சேண சோப்பு. இதுல நுரை வரவே கூடாது, நுரை வந்தா தண்ணி ஜாஸ்தின்னு அர்த்தம். ஸ்பாஞ்ச நல்லா பிழிஞ்சு சோப்புல தேச்சு வட்ட வட்டமா துடைக்கணும். குதிரை வேர்வையும் அழுக்கும் சேந்து கறுப்பு பிசுக்கு உருண்டையா ஒட்டியிருந்துச்சு, அத நகத்தால சுரண்டினா தோல்ல கோடு விழும், பழைய ஈசிலிங்க் பஸ் கார்டோட முனைய வச்சு தள்ளினா தானா உரிஞ்சு வருது. எவ்ளோ வருஷ வேர்வையோ, வாளித் தண்ணி பால் ஊத்தாத கோப்பி ஓ கலர்ல ஆயிருச்சு.

தையல் விட்டிருந்தது ரெண்டு இடம். இடது ஃபிளாப் ஓரத்துல ஒரு சாண் அளவுக்கு, அப்புறம் முட்டிக்கு வர்ற மெத்தைக்கு மேல கொஞ்சம். ரெண்டும் லோடு தாங்குற இடம் இல்ல, அதனால துணிஞ்சு நானே தச்சேன். மெழுகு போட்ட 0.8 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் நூல், முனை மழுங்கின ரெண்டு ஊசி, நூலோட ரெண்டு நுனியிலயும் ஒண்ணொண்ணு. தைக்க வேண்டிய நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் வெட்டிக்கணும், பத்தாம போனா நடுவுல முடிச்சு போட்டு அசிங்கமாயிரும். புது ஓட்டை போடவே போடாதீங்க, பழைய ஓட்டையிலயே போகணும், ரெண்டு ஓட்டைக்கு நடுவுல இன்னொண்ணு குத்தினா ஸ்டாம்பு மாதிரி அங்கயே கிழிஞ்சு வந்துரும். அடைஞ்சு போன ஓட்டைய மட்டும் குத்தூசியால லேசா திறந்து விட்டேன். ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு ஊசி இந்தப் பக்கம் வரும், இன்னொண்ணு அந்தப் பக்கம் போகும், ரெண்டையும் ஒரே அளவு இழுக்கணும். மெஷின் தையல்ல ஒரு இடம் அறுந்தா மளமளன்னு உருவிக்கிட்டு போகும், இதுல அப்படி ஆகாது, ரெண்டு நூலும் தனித்தனியா எல்லா ஓட்டையிலயும் போறதால ஒண்ணு அறுந்தாலும் மத்தது புடிச்சிருக்கும். முடிக்கும்போது ரெண்டு மூணு தையல் பின்னாடி திரும்பி வந்து வெட்டி, நுனிய லைட்டரால ஒரு நொடி காட்டினா போதும். ஃபிளாப்பு சேணத்தோடவே இருக்கிறதால கிளாம்ப்ல புடிக்க முடியல, தொடைக்கு நடுவுல இறுக்கி வச்சுக்கிட்டு தச்சேன், முதுகு போயிருச்சு. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு பண்றதுக்கு இந்த மாதிரி நல்ல வேலை கிடையாது, சத்தமே இல்ல.

எண்ணெய் கடைசி. நீட்ஸ்ஃபுட் ஆயில்னு கேட்டா குடுப்பாங்க, மாட்டோட கால் எலும்புலேர்ந்து எடுக்கிறது. அந்த டப்பா சாமி அலமாரி இருக்கிற ரூமுக்குள்ளயே வரக் கூடாதுன்னு அம்மா கறாரா சொல்லிட்டாங்க, சேணமே மாட்டுத் தோலுதான்னு நான் வாய தொறக்கல. மெலிசா ஒரு பூச்சு, ஒரு ராத்திரி விட்டு, தோலு குடிச்சிருந்தா இன்னொரு மெலிசான பூச்சு, அதோட நிறுத்திரணும். ஊத்தி ஊற வச்சா தோலு தொளதொளன்னு ஆயிரும், நிறமும் கறுத்துரும், பழைய பருத்தி நூல் தையலும் சீக்கிரம் இத்துப் போகும். மழமழப்பா இருக்கிற மேல்பக்கம் அவ்வளவா குடிக்காது, சொரசொரப்பான அடிப்பக்கம்தான் குடிக்கும், அதனால அங்க கொஞ்சம் தாராளமா. சீட்டுக்கு மட்டும் கையை சுருக்கணும், இல்லன்னா பிள்ளையோட வெளிர் கலர் பேன்ட்ல ரெண்டு பெரிய வட்டம் விழும், துவைச்சாலும் போகாது.

சரி, குதிரை. 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம், குறுக்களவு 58 சென்டிமீட்டர் கிட்ட வரும், ஒரு சின்ன குதிரையோட வயிறுன்னு நெனச்சுக்கலாம். உணவுப் பொருள் வந்த டிரம்மாதான் தேடி எடுத்தேன். கெமிக்கல் டிரம் சும்மாவே கெடைக்கும், ஆனா பிள்ளை கட்டிப்புடிச்சு விளையாடப் போறது, வேணாம். கால் எல்லாம் 2x4 இஞ்ச் கட்டையில, முன்னாடி ஒரு ஏ, பின்னாடி ஒரு ஏ, நடுவுல குறுக்குக் கட்டை. கீழ காலை 80 சென்டிமீட்டருக்கு அகட்டி விட்டேன், குறுகலா வச்சா ஏறும்போது ஒரு பக்கமா இழுக்கிற வெயிட்டுக்கு மொத்தமா சாயும். டிரம் உருளாம இருக்க ரெண்டு பக்கமும் ஆப்பு மாதிரி கட்டை வெட்டி வச்சு எம்10 போல்ட் போட்டு முடுக்கினேன். அடியில ரப்பர், கீழ்வீட்டுக்கு சத்தம் போகாம. வெட்டுறது, துளை போடுறது எல்லாம் பகல்லயே முடிச்சாச்சு.

டிரம்முக்கு தோள் மேடு கிடையாது, சும்மா உருண்டை, அதனால சேணம் போட்டா ஒரு பக்கமா வழுக்கிட்டு வந்துச்சு. முன்பக்கம் பழைய யோகா பாயை சுருட்டி ஒரு மேடு கட்டி, அதுக்கு மேல தடிச்ச போர்வைய போட்டதும் நின்னுச்சு. உயரத்துக்கு அளவுகோல் குதிரை இல்ல, ஃபேன்தான். சீட் தரையிலேர்ந்து 95 சென்டிமீட்டர், அவ அதுல உக்காந்து கைய தூக்கினா ரெண்டு மீட்டர தாண்டுது, நம்ம வீட்டு ஃபேன் அதுக்கு கொஞ்சம்தான் மேல. குதிரைய ஃபேனுக்கு நேர் கீழ இல்லாம ஜன்னல் ஓரமா வச்சேன், அவ மேல இருக்கும்போது ஃபேன் ஆஃப், அதுல பேச்சுவார்த்தை கிடையாது. முதல்ல நான் உக்காந்தேன், எம்பது கிலோ, ஏறி இறங்கி, ஒரு பக்கமா தொங்கி, எல்லாம் பாத்துட்டுதான் அவள விட்டேன். மனைவி கேட்டது, "ஏங்க, இது குதிரையா, தண்ணிப் பஞ்சத்துக்கு வாங்கினதா?" மகள் அதுக்கு நீலகண்டன்னு பேர் வச்சிட்டா.

நீலகண்டன் மேல என்ன பழகலாம்னா, நெனச்சத விட நெறைய. பட்டைய ஒரே இழுவையில இறுக்காம ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஒவ்வொரு ஓட்டையா ஏத்துறது. அங்கவடி அளவு, விரல் நுனிய கொக்கியில வச்சு கைய நீட்டி, வார அந்தக் கையோட நீளத்துக்கு இழுத்தா அங்கவடி அக்குள தொடணும், அது ஆரம்ப அளவு. உக்காந்ததும் பக்கவாட்டுல போன்ல ஒரு படம் எடுத்து காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே கோட்டுல வருதான்னு பாப்போம், படத்துல கோடு போட்டு காட்டினா சண்டை போட முடியாது பாருங்க, "நான் நேராதான் உக்காந்திருக்கேன்"ங்கிறது அங்க எடுபடாது. லகானுக்கு பழைய சைக்கிள் டியூப்ப நீளமா வெட்டி முன்னாடி கட்டிட்டேன், குதிரை வாய் மாதிரி இல்லதான், ஆனா கைய தூக்கி இழுத்தா உடனே தெரியுது.

தாளம்தான் எதிர்பாக்காம கெடச்சது. அவ பரதநாட்டியமும் கத்துக்கிறா. குதிரை நடக்கும்போது நாலு அடி, தகதிமி. ட்ராட்ல, அதாவது துள்ளு நடையில, குறுக்குக் காலு ரெண்டு ரெண்டா விழும், தக தக. அதவிட வேகமான கேன்டர் மூணு, தகிட தகிட. ட்ராட்ல ஒரு தட்டுக்கு எழுந்து அடுத்த தட்டுக்கு உக்காரணும், அது கிளாஸ்ல அவளுக்கு வராமலே இருந்துச்சு, எண்ணிக்கிட்டே இருந்தா உடம்பு லேட்டாயிரும். வீட்டுல நான் தொடையில தட்டி "த"வுக்கு எழுந்திரு "க"வுக்கு உக்காருன்னு சொன்னதும் புடிச்சிக்கிட்டா, அப்புறம் மெட்ரோனோம் ஆப்ல நிமிஷத்துக்கு 75 எழுச்சி வர்ற மாதிரி வச்சுட்டோம். டிரம் தூக்கிப் போடாதுதான், நெசக் குதிரை முதுகு நம்மள தூக்கி விடும், இங்க முழுக்க தொடை பலத்துல எழணும், அதனால சீக்கிரம் களைச்சிருவா, விட்டு விட்டுதான் பண்றோம். எழும்போது அங்கவடிய மிதிச்சு நிக்காம இடுப்ப முன்னாடி விட்டு எழணும், அத கோச் பாத்து ஒருதடவ திருத்தினாங்க. டிரம்ல தப்பா பழகினா அந்தத் தப்பும் நல்லா பழகிரும்ங்கிறதால புதுசா எதையும் நாங்களா இங்க ஆரம்பிக்கிறதில்ல, கிளாஸ்ல சொல்லிக் குடுத்தத மட்டும்.

பூஞ்சை திரும்பாம பாத்துக்கிறது தொடர் வேலை. நம்ம ஊர்ல ஈரப்பதம் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல, எழுபத தொட்டாலே பூஞ்சைக்கு கல்யாணச் சாப்பாடு. வீட்டுக்குள்ளயே இருக்கிற பாம் ஷெல்டர்ல வைக்கிறதுதான் எல்லாருக்கும் முதல்ல தோணும், ஜன்னல் இல்லாத அறை, ஈரத்த இழுக்கிற டீஹியூமிடிஃபையர் மெஷின் போடாம அங்க தோல் சாமான் வச்சா மொத்தமும் பச்சையாயிரும். ஈரம் உறிஞ்சுற டெசிகன்ட் டப்பா அலமாரிக்கு சரி, இவ்ளோ பெரிய சேணத்துக்கு பத்தாது. அதனால சேணம் நீலகண்டன் மேலயே இருக்கு, ஹால்ல, காத்து ஓடுற இடத்துல, பட்டைய கழட்டி. மேல பழைய பருத்தி வேட்டி ஒண்ணு போத்தியிருக்கேன், பிளாஸ்டிக் கவர் போட்டா உள்ள வேர்க்கும். உக்காந்து இறங்கின பிறகு ஒரு துணியால ஃபிளாப்புக்கு அடியிலயும் சேத்து துடைச்சிரணும், அவ செய்றா, பாதி நாள் நான் செய்றேன்.

மாமா வந்து பாத்துட்டு சேணத்தை ஒண்ணும் சொல்லல, புது வார மட்டும் மடிச்சு மடிச்சு பாத்தாரு. டிரம்முக்கு வாலு எங்கடான்னு கேட்டாரு. புக்கிட் தீமா சேடில் கிளப் 1951ல ஆரம்பிச்சதே பந்தயத்துலேர்ந்து ஓய்வு பெற்ற குதிரைங்கள பழக்கி ஓட்டத்தான், அந்த மாதிரி ஒண்ண பாத்துக்கிற வேலை எங்கயாவது கெடச்சா இப்பவும் காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருவேன்னாரு. கிராஞ்சி நெலம் 2027 மார்ச்சுக்குள்ள அரசாங்கத்துக்கு திரும்பப் போகுது, அதப் பத்தி கேட்டா பேச்ச மாத்திருவாரு.

தீபாவளிக்கு ஆளுங்க வர்றதுக்குள்ள ஹால் காலியாகணும்னு வீட்டுல ஆர்டர் வந்தாச்சு. அதுக்குதான் எங்கயும் பசை போடாம எல்லாம் போல்ட்ல வச்சேன், 17ஆம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு போதும், காலு ரெண்டும் மடங்கி கட்டிலுக்கு அடியில போயிரும், டிரம் பாத்ரூம் மூலையில நிக்கும். சேணத்தை எங்க வைக்கிறதுங்கிறதுதான் இன்னும் முடிவாகல, மகள் தன் கட்டில்லயே வச்சுக்கிறேன்கிறா.